27 வயதில் ஒரு புதுமுகம்

கேள்வி: சியாட்டிலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்குப் பேஸ்பால் பைத்தியம். அவன் அறைச் சுவரில் 51 என்று எண் போட்ட ஒரு சட்டை மாட்டியிருக்கிறது. இச்சிரோ சுஸூகி என்ற ஜப்பானியரின் எண்ணாம். மூவாயிரம் ஹிட்டுக்கு மேல் அடித்தவர், அமெரிக்காவின் பேஸ்பால் புகழ்மன்றத்திலேயே சேர்த்துவிட்டார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னான். ஆனால் அவர் அமெரிக்காவில் ஆடத் தொடங்கியதே 27 வயதில்தானாம். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் அதுவரை ஜப்பானில் என்ன செய்துகொண்டிருந்தார்? "ஒல்லியா இருந்தார் பாட்டி, யாரும் கண்டுக்கல" என்கிறான் பேரன். "ஜப்பான்காரர்கள் சேர்ந்த கம்பெனியை விட்டு நகரமாட்டார்கள்" என்கிறார் மருமகன். யார் சொல்வது சரி? முன்பே போயிருந்தால் இன்னும் பெரிய சாதனை செய்திருப்பாரா?
— வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: நல்ல கேள்வி, அம்மா. ஆட்டத்தைப் பற்றிக் கேட்பதுபோலத் தொடங்கி, ஆட்டக்காரரின் ஒப்பந்தப் பத்திரத்துக்குள் எங்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டீர்கள். விடையும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் வீட்டு வழக்கில் இரு கட்சியையும் விசாரித்துவிட்டே தீர்ப்புக்கு வருகிறேன். யாருக்கும் முழு வெற்றி கிடையாது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக முதலில் இரண்டு விளக்கங்கள். இச்சிரோ ஓர் அவுட்ஃபீல்டர். கிரிக்கெட்டில் பவுண்டரிக் கயிற்றை ஒட்டி நிற்கும் ஃபீல்டரின் வேலையைப் பேஸ்பாலில் மூன்று பேர் பார்க்கிறார்கள், அவர்களில் ஒருவர். அவர் நின்ற இடம் ரைட் ஃபீல்ட், அதாவது மட்டையாளர் பக்கத்திலிருந்து பார்த்தால் வலப்புறக் கோடி. அங்கிருந்து மூன்றாம் பேஸுக்கு (ஓடுபவர் வரிசையாகக் கடக்க வேண்டிய நிலைகளே பேஸ்கள்) எறிய வேண்டிய தூரம் அதிகம் என்பதால், கையில் வலு உள்ளவரைத்தான் அங்கே நிறுத்துவார்கள். ஹிட் என்றால், மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு, எதிரணியின் தவறு எதுவும் கைகொடுக்காமல், ஒரு பேஸையாவது பத்திரமாகப் போய்ச் சேர்வது. மேஜர் லீகில், அதாவது அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சத் தொடரில், 3,000 ஹிட்டைத் தொட்ட 30ஆவது ஆள் இச்சிரோ. ஆட்டத்தை விட்டபோது அவர் கணக்கில் 3,089 இருந்தன.

முதலில் பேரனின் கட்சி.

ஒல்லி என்பது உண்மைதான். உயரம் 180 சென்டிமீட்டர். எடை 80 கிலோவைத் தொடாது. 1973 அக்டோபரில் பிறந்து, நகோயா நகரை ஒட்டிய தொயோயாமாவில் வளர்ந்தவர். பள்ளியில் பந்தெறிபவராக இருந்தார். 1991 இறுதியில் நடந்த டிராஃப்டில் கோபே நகரின் ஓரிக்ஸ் புளூவேவ் அணி அவரை எடுத்தது. டிராஃப்ட் என்பது, புதிதாக வரும் இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. இச்சிரோவின் பெயர் நான்காவது சுற்றில்தான் வந்தது. அதுவரை, பேரன் சொல்வதுபோல, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்றே சொல்லலாம்.

அடுத்த இரண்டு ஆண்டுகளும் அப்படியே. அப்போதைய மேலாளர் ஷோஸோ தோய்க்கு இந்தப் பையன் மட்டை வீசும் விதம் பிடிக்கவில்லை. பந்து வரும்போது முன்காலை ஊசல்போல ஆட்டி, உடல் எடை முழுவதையும் முன்னே தள்ளி அடிப்பார் இச்சிரோ. பாடப்புத்தகத்தில் இல்லாத பாணி. 1992-லும் 1993-லும் பெரும்பாலும் இரண்டாம் அணியிலேயே கிடந்தார். முதல் அணிக்கு ஆடிய சில ஆட்டங்களில் 1992-இல் 24 ஹிட், 1993-இல் 12. அந்த 1993-இல் தொழில்முறை ஆட்டத்தில் தன் முதல் ஹோம் ரன்னை, அதாவது கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடியை, அடித்தார். பந்தெறிந்தவர் ஹிதேயோ நோமோ. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தள்ளி மறுபடியும் வருவார், அதுவும் முக்கியமான வேலையாக.

1994-இல் மேலாளர் மாறினார். புதிதாக வந்த அகிரா ஓகி செய்தது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. 'உன் இஷ்டப்படி அடி' என்று விட்டுவிட்டார், தினமும் ஆடவைத்தார். சுஸூகி என்ற குடும்பப் பெயர் ஜப்பானில் தெருவுக்குத் தெரு உண்டு என்பதால், அணிப் பதிவேட்டிலும் சட்டையிலும் வெறும் 'இச்சிரோ' என்றே போடச் செய்தார். அந்த ஆண்டு 130 ஆட்டங்களில் 210 ஹிட். அதற்கு முன் ஜப்பானில் ஒரே பருவத்தில் யாரும் 200-ஐத் தொட்டதில்லை. 1950 முதல் 191-தான் உச்சமாக நின்றிருந்தது. பேட்டிங் சராசரி, அதாவது அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட் ஆயிற்று என்ற கணக்கு, .385. பத்துக்கு மூன்று ஹிட் அடித்தாலே கெட்டிக்காரர் என்று கொண்டாடும் ஆட்டம் இது. அந்த ஆண்டு முதல் 2000 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள், அவர் அணி ஆடிய பசிபிக் லீகின் சராசரிப் பட்டம் அவருக்கே. முதல் மூன்று ஆண்டுகளின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

ஆக, கண்டுகொள்ளாமல் விடப்பட்டது இரண்டு ஆண்டுகள்; கண்டுகொள்ளாமல் விட்டது ஜப்பான்காரரான சொந்த மேலாளர். அமெரிக்கர்களைப் பொறுத்தவரை, 1990-களின் நடுவிலேயே அவர்களுக்கு இவரை நன்றாகத் தெரியும். 1999 வசந்தத்தில் சியாட்டில் மரினர்ஸ் அணியின் பயிற்சி முகாமுக்கு அரிசோனா வரை போய்விட்டும் வந்தார். 'அமெரிக்கப் பந்துகளின் வேகத்துக்கு ஜப்பானிய மட்டையாளர் தாங்குவாரா?' என்ற சந்தேகம் அங்கே பலருக்கு இருந்தது உண்மை. அதுவரை மேஜர் லீகுக்கு வந்த ஜப்பானியர்கள் எல்லோரும் பந்தெறிபவர்களே. ஆனால் அந்தச் சந்தேகமா அவரைத் தடுத்தது? இல்லை. அவரை எடுக்க ஆசைப்பட்ட அமெரிக்க அணிக்கும் கேட்கும் உரிமையே கிடையாது.

இனி மருமகனின் கட்சி. இதுதான் அதிகம் பேர் நம்புவது. ஜப்பான் என்றதும் ஒரே கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெறுபவர்தான் நம் மனத்தில் வருகிறார். பேஸ்பால் அணிகளுக்குக் கம்பெனிகளின் பெயரே இருப்பதால் இந்தக் கதை இன்னும் நன்றாகப் பொருந்திவிடுகிறது. ஓரிக்ஸ் ஒரு நிதி நிறுவனம். கின்டெட்சு ஒரு ரயில் நிறுவனம். ஆனால் விசுவாசம்தான் காரணம் என்றால், கதவைத் திறந்து வைத்துவிட்டு யார் வெளியே போகிறார்கள் என்று பார்த்திருக்க வேண்டும். கதவு பூட்டியிருந்தது. பூட்டிய வீட்டுக்குள் இருப்பவரை 'வீட்டுப் பற்று மிக்கவர்' என்று பாராட்டுவது அவ்வளவு சரியல்ல.

பூட்டின் பெயர் ரிசர்வ் விதி. ஓர் ஆட்டக்காரர் ஓர் அணியில் கையெழுத்திட்டால், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அவர்மேல் உரிமை அந்த அணிக்கே தொடரும் என்பதுதான் அது. சம்பளம் பிடிக்காவிட்டால் ஆடாமல் வீட்டில் இருக்கலாம். வேறு அணிக்குப் போக முடியாது. இதை ஜப்பானியப் பண்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். பேஸ்பாலைப் போலவே இதுவும் அமெரிக்காவில் பிறந்த சரக்குத்தான்.

அங்கே இதை எதிர்த்து நின்றவரும் ஓர் அவுட்ஃபீல்டர் என்பதால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் நடுக்களத்தில் நின்ற கர்ட் ஃப்ளட், தொடர்ந்து ஏழு ஆண்டுகள் தங்கக் கையுறை விருது வாங்கியவர். அந்தந்த இடத்தின் சிறந்த ஃபீல்டருக்குக் கொடுப்பது அது. 1969-இல் அணி அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. அவரைக் கேட்கவில்லை. போகமாட்டேன் என்றார். அப்போது அவர் சம்பளம் ஆண்டுக்கு 90,000 டாலர். அந்தக் காலத்தில் பெரிய தொகை. அதை விட்டுவிட்டு வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972-இல் 5-க்கு 3 என்ற கணக்கில் தோற்றது. அதற்குள் அவர் ஆட்ட வாழ்க்கையும் முடிந்துவிட்டது: 1970 முழுவதும் ஆடவில்லை, 1971-இல் வாஷிங்டனுக்காக 13 ஆட்டங்கள், அவ்வளவுதான். மூன்றே ஆண்டுகளில், 1975 டிசம்பரில், வேறு இருவர் தொடுத்த வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அந்த விதியை உடைத்தார். அதிலிருந்து அமெரிக்காவில் மேஜர் லீகில் ஆறு ஆண்டு முடித்தவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகலாம். யாருக்கும் கட்டுப்படாமல் விருப்பமான அணியோடு பேரம் பேசும் உரிமை பெற்றவர் என்று அதற்கு அர்த்தம். பலனை அனுபவித்தவர்களில் ஃப்ளட் இல்லை.

ஜப்பானில் அந்த உரிமை வர 1993 ஆயிற்று. இச்சிரோவின் காலத்தில் அதற்குத் தேவைப்பட்டது ஒன்பது ஆண்டுப் பணி. விரலை மடக்கி எண்ணிப் பார்ப்பவர் உடனே கேட்பார்: 1992 முதல் 2000 வரை ஒன்பது பருவம் ஆகிவிட்டதே? கேள்வி நியாயமானது. ஆனால் முதல் அணிப் பதிவேட்டில் இருந்த நாள்களைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாம் அணியில் கழித்த அந்த இரண்டு ஆண்டுகளின் பெரும்பகுதி இங்கே கழிந்துபோகிறது. ஆகவே 2001 பருவமும் முடிந்த பிறகே அவருக்கு விடுதலை. தோய்க்கு அந்தக் கால் ஊசல் பிடிக்காமல் போனதற்கு இப்படியும் ஒரு விலை.

சரி, ஜப்பானில் வேறு அணிக்குப் போகக் கூடாது. கடல் தாண்டிப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்? இந்த யோசனை முன்பே சிலருக்கு வந்துவிட்டது. அவர்கள் பட்ட பாட்டிலிருந்துதான் இச்சிரோ போன வழி பிறந்தது.

1964-இல் நன்காய் ஹாக்ஸ் அணி மசனோரி முராகாமி என்ற இளைஞரைப் பயிற்சிக்காகச் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் கீழ்நிலை அணிக்கு அனுப்பியது. அவர் எதிர்பாராத அளவுக்கு நன்றாகப் பந்தெறிந்தார். செப்டம்பரில் மேஜர் லீகிலேயே இறக்கிவிட்டார்கள். முதல் ஜப்பானியர் அவர்தான், வயது 20. பிறகு அவர் எங்கள் ஆள் என்று ஜயன்ட்ஸ் சொல்ல, கடன் கொடுத்த பிள்ளையைத் திருப்பித் தா என்று நன்காய் கேட்க, இரு நாட்டு பேஸ்பால் நிர்வாகங்களும் பேச்சை முறித்துக்கொள்ளும் நிலை. கடைசியில் 1965 முடிய அங்கே ஆடிவிட்டுத் திரும்பினார். இந்தத் தலைவலி இனி வேண்டாம் என்று 1967-இல் இரு தரப்பும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன: உன் ஆட்டக்காரரை நான் தொடமாட்டேன், என் ஆட்டக்காரரை நீ தொடாதே. முராகாமிக்குப் பிறகு முப்பது ஆண்டுகள் ஒரு ஜப்பானியர்கூட மேஜர் லீகில் ஆடவில்லை என்பதற்கு அந்தக் காகிதமே காரணம். முப்பது ஆண்டு விசுவாசம் என்று வெளியே தெரிந்தது இதுதான்.

அதில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் நான் நினைவில் வைக்கச் சொன்ன நோமோ. சரியாகச் சொன்னால் அவருடைய முகவர் டான் நோமுரா. ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் திரும்ப வருவதானால் பழைய அணிக்கே வர வேண்டும் என்று ஜப்பானிய விதி சொன்னது. ஆனால் அந்த விதி ஜப்பானுக்குள்தான் செல்லும். 1995 தொடக்கத்தில், 26 வயதில், கின்டெட்சு அணியின் முதன்மைப் பந்தெறிபவர் 'ஓய்வு' பெற்றார். சில வாரங்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸில் சேர்ந்தார். கின்டெட்சுவுக்குச் சல்லிக்காசு கிடைக்கவில்லை. துரோகி என்று திட்டியவர்களே, அந்த ஆண்டு அவர் அங்கே சிறந்த புதுமுகமாகத் தேர்வானபோது விடியற்காலையில் எழுந்து தொலைக்காட்சி பார்த்தார்கள். ஜப்பானிய நிர்வாகம் ஓட்டையை அடைத்தது. இரண்டு ஆண்டு கழித்து ஹிதேகி இராபுவை அவருடைய அணியான லோத்தே சான் டியேகோவுக்கு ஒதுக்கிக் கொடுத்தது. அவரோ நியூயார்க் யாங்கீஸ் தவிர வேறெங்கும் போகமாட்டேன் என்று அடம்பிடித்து, பல மாத இழுபறிக்குப் பின் அங்கேயே போனார். மற்ற அமெரிக்க அணிகள் கொதித்தன: ஓர் அணிக்கு மட்டும் என்ன தனிச்சலுகை?

இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் மருந்தாக 1998 டிசம்பரில் வந்ததே போஸ்டிங் முறை. தன் ஆட்டக்காரரை விடச் சம்மதிக்கும் ஜப்பானிய அணி அதை அறிவிக்கும். அமெரிக்க அணிகள் நான்கு நாளுக்குள் உறையில் மூடி விலை சொல்ல வேண்டும், நம் ஊர் டெண்டர் முறையில். அதிக விலை சொன்ன அணிக்கு மட்டும் அந்த ஆட்டக்காரரோடு 30 நாள் பேசும் உரிமை. பேச்சு முடிந்து கையெழுத்தானால் அந்தத் தொகை பழைய அணிக்குப் போகும், முடியாவிட்டால் போகாது. கவனியுங்கள், இதில் ஆட்டக்காரருக்கு எந்த அணி என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. எப்போது என்று முடிவு செய்யும் உரிமையும் இல்லை. இரண்டும் முதலாளிகளுக்கே.

இப்போது 2000-இன் கோடையில் ஓரிக்ஸ் நிர்வாகத்தின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள், அம்மா. அமெரிக்கா போக வேண்டும் என்ற ஆசையை இச்சிரோ சில ஆண்டுகளாகவே மறைக்கவில்லை. 1995 ஜனவரி நிலநடுக்கத்தில் 6,400-க்கு மேற்பட்டவர்கள் இறந்த கோபே நகரில், இடிபாடுகளுக்கு நடுவே அந்த ஆண்டே லீக் பட்டமும் அடுத்த ஆண்டு ஜப்பான் பட்டமும் வென்று கொடுத்த அணி இது. அவரை விட்டால் ஊர் கோபிக்கும். விடாவிட்டால்? இன்னும் ஓர் ஆண்டு ஆடுவார். 2001 முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிடுவார். ஒரு யென்கூடக் கொடுக்காமல் ஏதோவோர் அமெரிக்க அணி கூட்டிப் போய்விடும். கின்டெட்சுவின் கதி கண்ணெதிரே இருந்தது. 1999 இறுதியில் விட்டிருந்தால் இரண்டு பருவ ஆட்டம் நஷ்டம்; 2001 இறுதியில் விட்டால் பணம் நஷ்டம். லாபம் தரும் ஒரே கதவு 2000 நவம்பரில்தான் திறந்திருந்தது.

அதுதான் விடை. 27 என்பது அவர் கனிந்த வயதோ, அமெரிக்கா கண்விழித்த வயதோ அல்ல; ஓர் அணி நிர்வாகத்தின் பேரேட்டில் வரவும் செலவும் ஒத்துப்போன தேதி.

உறைகளைப் பிரித்தபோது சியாட்டில் எழுதியிருந்த தொகை ஒரு கோடியே 31 லட்சத்து 25 ஆயிரம் டாலர். அந்த அணியில் அப்போது பெரும்பங்கு வீடியோ விளையாட்டு நிறுவனமான நின்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யாமாவுச்சியிடம் இருந்தது. அவர் தன் அணியின் ஓர் ஆட்டத்தையும் நேரில் போய்ப் பார்த்ததில்லை என்பது தனிக்கதை. இச்சிரோவுக்கு மூன்று ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடியே 40 லட்சம் டாலர். அதாவது மூன்று ஆண்டு ஓடி ஆடி எறிவதற்கு அவர் பெற்றதும், கதவைத் திறந்துவிட்டதற்கு ஓரிக்ஸ் பெற்றதும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

2001 ஏப்ரல் 2 அன்று ஓக்லண்டுக்கு எதிராக முதல் ஆட்டம், இரண்டு ஹிட். ஒன்பது நாள் கழித்து ஓக்லண்ட் மைதானத்திலேயே ஒரு சம்பவம். முதல் பேஸில் இருந்த டெரன்ஸ் லாங், ரைட் ஃபீல்டை நோக்கி வந்த அடியில் வழக்கம்போல மூன்றாம் பேஸுக்கு ஓடினார். புதிதாக வந்த ஒல்லி ஆசாமி என்ன எறிந்துவிடுவார் என்ற நினைப்பு இருந்திருக்கலாம். பந்து தரையைத் தொடாமல், தாழ்வாக, நேர்க்கோட்டில் வந்து அவருக்கு முன்னால் மூன்றாம் பேஸில் காத்திருந்தது. பள்ளியில் பந்தெறிந்த கை. அதற்கப்புறம் அவர் நிற்கும் பக்கம் பந்து போனால் ஓடுபவர்கள் இரண்டாம் பேஸிலேயே யோசிக்க ஆரம்பித்தார்கள். மட்டையைப் பொறுத்தவரை, அந்த ஆண்டு 242 ஹிட், .350 சராசரி, 56 பேஸ் திருட்டு. பந்தெறிபவர் அசரும் கணத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதைத்தான் திருட்டு என்கிறார்கள், குற்றமில்லை. அணி 162 ஆட்டங்களில் 116-ஐ வென்றது. லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் சிறந்த புதுமுகம் விருதும் ஒரே ஆண்டில் அவருக்கே. அதற்கு முன் அந்த இரட்டை வாங்கியவர் 1975-இல் ஃப்ரெட் லின் ஒருவர் மட்டுமே, அவரும் அவுட்ஃபீல்டர். ஏழு முறை ஜப்பானில் சராசரிப் பட்டம் வென்றவருக்குப் புதுமுகம் விருதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் புதுமுகம் ஆனது அவர் கேட்டு வாங்கியதா என்ன?

அதற்குப் பின் நடந்தது பேரனுக்கே தெரிந்திருக்கும். தொடர்ந்து பத்து ஆண்டு 200 ஹிட், பத்துத் தங்கக் கையுறை. 2004-இல் 262 ஹிட் அடித்து, 1920 முதல் நின்ற ஜார்ஜ் சிஸ்லரின் 257-ஐத் தாண்டினார்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி: முன்பே போயிருந்தால்? இதற்குக் கணக்குப் போடலாம். ஆனால் கணக்கை நம்புவதில் அளவு வேண்டும்.

மேஜர் லீகில் அதிக ஹிட் அடித்தவர் பீட் ரோஸ்: 4,256. அவர் தொடங்கியது ஏறக்குறைய 22 வயதில். இச்சிரோவின் ஜப்பானிய 1,278-ஐயும் சேர்த்தால் அவருக்கு 4,367. 2016-இல் இந்தக் கூட்டுத்தொகை ரோஸைத் தாண்டியபோது, அடுத்து அவருடைய பள்ளிக்கூட ஹிட்டையும் சேர்ப்பார்கள் போலிருக்கிறது என்கிற ரீதியில் ரோஸ் கடுப்படித்தார். சேர்க்க வேண்டாம். வேறு விதமாகப் பார்ப்போம்: இச்சிரோவும் 22 வயதில், அதாவது 1996-இல், அங்கே தொடங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். 1996 முதல் 2000 வரை ஜப்பானில் அவர் அடித்தவை 193, 185, 181, 141, 153. ஜப்பானில் அப்போது பருவத்துக்கு 130 அல்லது 135 ஆட்டங்கள், அமெரிக்காவில் 162. அந்த விகிதத்தில் பெருக்கினால் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 1,032 வரும். 3,089-உடன் சேர்த்தால் 4,121. ரோஸுக்கு இன்னும் 135 குறைவு! கடைசி இரண்டு பருவங்களில் காயத்தால் பல ஆட்டங்களைத் தவறவிட்டதுதான் இழுத்துவிடுகிறது. 21 வயதில், 1995-இலேயே போயிருந்தால் அந்த ஆண்டின் 179-ஐயும் பெருக்கிச் சேர்த்துத் தாண்டிவிடலாம்.

ஜப்பானில் எறியப்பட்ட பந்தையும் அமெரிக்காவில் எறியப்பட்ட பந்தையும் ஒரே தராசில் வைக்கிறோமே என்று யாராவது கேட்டால், நியாயம்தான். ஆனால் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். 1994-இன் 130 ஆட்டம், 210 ஹிட் என்பதை 162 ஆட்டத்துக்கு விரித்தால் 262 வருகிறது. பத்து ஆண்டு கழித்து அமெரிக்காவில் அவர் அடித்தது சரியாக அதே 262. இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன்; தற்செயல்தான். இருந்தாலும் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டேன்.

என் சொந்தக் கருத்து கேட்டால், 18 வயதில் அமெரிக்கா போயிருந்தால் நமக்கு இச்சிரோ கிடைத்திருப்பாரா என்பதே சந்தேகம். அங்கே டிராஃப்டில் வருபவர்கள் மேஜர் லீகைப் பார்ப்பதற்குமுன் கீழ்நிலை அணிகளில் பெரும்பாலும் சில ஆண்டுகள் கழிக்கிறார்கள். 1990-கள் ஹோம் ரன்களின் காலம்; தோள் பெருத்தவர்களுக்கே மரியாதை. அங்கேயும் ஒரு தோய் அகப்பட்டிருப்பார். ஓர் ஓகி அகப்பட்டிருப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நஷ்டம் என்று நான் எண்ணுவது அந்த ஒன்பது ஆண்டில் கடைசி மூன்று நான்கை மட்டுமே: அவர் முழுதும் உருவாகிவிட்டார், போக ஆசைப்பட்டார், போக முடியவில்லை.

மருமகனுக்கு நான் வைத்திருக்கும் ஆறுதல் இது. பேரம் பேசும் வலு கைக்கு வந்த பிறகு இச்சிரோ ஓடிவிடவில்லை. 2007-இல் இன்னும் ஐந்து ஆண்டுக்குச் சியாட்டிலிலேயே கையெழுத்திட்டார். 2012-இல் தானே கேட்டுத்தான் நியூயார்க் போனார். அங்கிருந்து மயாமி, பிறகு மறுபடி சியாட்டில். 45 வயதில், 2019 மார்ச்சில் டோக்கியோவில் கடைசி ஆட்டம். விசுவாசத்தை ஒருவரிடம் அளப்பதானால், போக உரிமை வந்த பிறகு அளக்க வேண்டும். 2025 ஜனவரியில் புகழ்மன்றத்துக்கு நடந்த வாக்கெடுப்பில் 394-இல் 393 அவருக்கு. வாக்களிக்காத அந்த ஒருவரை வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்க ஆசை என்று சொன்னவர், ஜூலையில் நடந்த சேர்ப்பு விழாவில் அந்த அழைப்பு காலாவதி ஆகிவிட்டது என்றார்.

ஒன்பது ஆண்டு விதி வெளிநாடு போக இன்னமும் இருக்கிறது. போஸ்டிங்கில்தான் மாற்றம்: இப்போது உறை ஏலம் இல்லை, ஆட்டக்காரர் எல்லா அணிகளோடும் பேசலாம், பழைய அணிக்கு அவருடைய ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கு. சில அணிகள் முன்னைவிடச் சீக்கிரம் விடுகின்றன. ஷோஹேய் ஓதானி 23 வயதில் போனார். 2023 டிசம்பரில் யோஷினோபு யாமாமோட்டோ என்ற பந்தெறிபவர் 25 வயதில் டாட்ஜர்ஸுக்குப் போனபோது அவருடைய பழைய அணிக்குக் கிடைத்தது ஐந்து கோடி டாலருக்கு மேல். அந்தப் பழைய அணி எது தெரியுமா? ஓரிக்ஸ்தான். 2004 பருவத்துக்குப் பின் அது இன்னோர் அணியோடு இணைந்து, பெயரையும் ஓரிக்ஸ் பஃபலோஸ் என்று மாற்றிக்கொண்டது. இணைந்த அணி, நோமோவைச் சும்மா விட்ட அந்தக் கின்டெட்சு.